அணைந்த அடுப்பில் சாம்பல் இருக்கும்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று சொல்லி, இரண்டு மாதம் முன்பு நிறுத்தினார்கள். எடை 6 கிலோ கூடியிருக்கிறது. காலையில் மட்டும் கொஞ்சம் சளி வரும். மனசு கேட்காமல் தனியார் லேபில் சிபிநாட் எடுத்தோம். ‘ட்ரேஸ்’ என்றும், ‘ரிஃபாம்பிசின் இண்டிடெர்மினேட்’ என்றும் வந்திருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று யூடியூபில் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயில் தழும்பு இருக்கிறது, முடியும் கொட்டுகிறது. வீட்டில் மீந்திருந்த இரண்டு அட்டை மாத்திரையை நான்கு நாளாகக் கொடுத்து வருகிறேன். அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வர வேண்டும். வரச் சொல்லலாமா, வேண்டாமா? – வாசகி, சேலம்

பதில்: மகளை வரச் சொல்லுங்கள். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

உங்களைப் பயமுறுத்திய அந்த ரிப்போர்ட்டை முதலில் பார்ப்போம். சிபிநாட் கிருமியின் மரபணுவைத்தான் தேடுகிறது. அது உயிருள்ள கிருமியுடையதா, மருந்தில் செத்ததுடையதா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அணைந்த அடுப்பிலும் சாம்பல் இருக்குமே, அது மாதிரிதான். சிகிச்சை முழுதாகப் பலித்தவர்களின் சளியில்கூடச் செத்த கிருமியின் மிச்சம் பல மாதம் வரலாம், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வரும்.

மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். ‘ட்ரேஸ்’, அதாவது மிகக் கொஞ்சம் தடயம், என்று சொல்லும் அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு (சிபிநாட்டின் புதிய வகை) பதினாறு போதும். நோயைப் புதிதாகக் கண்டுபிடிக்க இதைப் போல ஒரு கருவி நாங்கள் படித்த காலத்தில் கிடையாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருந்த இடத்தில் இன்று ஒன்றரை மணி நேரத்தில் பதில் வருகிறது. ஆனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க இது ஏற்ற பரிசோதனை இல்லை. அதற்கு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சளி ஸ்மியரும் கல்ச்சரும்தான். டாக்டர் சீட்டு இல்லாமல், சமீபத்தில் சிகிச்சை முடித்தவரா என்றுகூடக் கேட்காமல் இதை எடுத்துக் கொடுக்கும் லேப்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

‘இண்டிடெர்மினேட்’ என்பதற்கு, மருந்து கேட்காத கிருமி என்று அர்த்தமில்லை. சொல்ல முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அதன் உடலில் பல பிரதிகளாக இருக்கும் மரபணுத் துண்டுகளை அல்ட்ரா தேடுகிறது. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மரபணுவோ ஒரே ஒரு பிரதிதான். மிச்சம் மிகக் குறைவாக இருந்தால் முன்னது சிக்கும், பின்னது சிக்காது. அதனால் ட்ரேஸ் என்று வந்தாலே அடுத்த வரி இண்டிடெர்மினேட் என்றுதான் வரும். யூடியூப்காரர் இதைச் சொன்னாரா? மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்றே வைத்துக்கொண்டாலும், பெடாகுவிலின் என்ற புதிய மருந்து சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை 2022-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது.

எக்ஸ்ரே தழும்பு ஆறிய புண்ணின் வடு. ஆயுளுக்கும் இருக்கும், விடுங்கள். முடியையும் விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. இரண்டு அட்டை மாத்திரை எப்படி மீந்தது? தினமும் தவறாமல் சாப்பிட்டவர் வீட்டில் மாத்திரை மீந்திருக்கக் கூடாது. வேலைக்குப் போன ஊரில் விட்டாரா, வாந்தி வந்ததென்று நிறுத்தினாரா, எந்த மாதத்தில், தொடர்ந்து எத்தனை நாள்? திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். நோய் திரும்பி வருவதற்கும் மருந்து கேட்காமல் போவதற்கும் இப்படி விடுபட்ட நாட்கள்தான் வழிவிடுகின்றன. ரிப்போர்ட்டைவிட எனக்குக் கவலை தருவது அந்த அட்டைகள்தான்.

நீங்கள் கொடுத்த நான்கு நாள் மாத்திரை இன்னொரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. மருந்து உள்ளே இருக்கும்போது எடுத்த சளியில், உயிருள்ள கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போகலாம். இல்லை என்று பொய்யாக வரும். அதனால் அவர் சிகிச்சை எடுத்த அரசு காசநோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே போய், நான்கு நாள் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கல்ச்சருக்குச் சளியை எப்போது எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஸ்மியர் முடிவு ஓரிரு நாளில் வந்துவிடும். அதில் கிருமி இல்லை, இருமலும் இல்லை என்றால், இவர் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். கல்ச்சரில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல 42 நாள் வரை ஆகும், அந்த முடிவுக்குப் பதறாமல் காத்திருங்கள்.

சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் மறுபடி பார்ப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. நடுவில் கூடிய எடை இறங்க ஆரம்பித்தாலோ, இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ அந்தத் தேதிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். சளியில் ரத்தம் கண்டால் அன்றே போக வேண்டும்.

போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள்.