ஐ.பி. உத்தரவு வந்துவிட்டது, அடுத்து என்ன?

வாசகர், புதுவயல்: அரிசி வியாபாரம் நொடித்து, தேவகோட்டை சப்-கோர்ட்டில் ஐ.பி. (திவால் மனு) தாக்கல் செய்தேன். திவாலானவர் என்று உத்தரவும் வந்துவிட்டது. கடன்காரர்கள் இப்போது வாசலுக்கு வருவதில்லை. வக்கீலோ, ‘டிஸ்சார்ஜ் மனு போட நாள் நெருங்குகிறது’ என்கிறார். இருக்கிற நிலையில் அதற்கும் செலவு செய்ய வேண்டுமா? விட்டுவிட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்தாலே கடன் போயிற்று என்று நம் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பிக் கெட்ட குடும்பங்கள் உண்டு. உங்கள் கையில் இருப்பது, நீங்கள் திவாலானவர் என்று அறிவிக்கும் உத்தரவு மட்டுமே. கடனிலிருந்து விடுவிப்பது டிஸ்சார்ஜ் உத்தரவுதான்.

உங்களுக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். (2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.) உத்தரவு நகலை எடுத்துப் பாருங்கள். இத்தனை காலத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 27ஆம் பிரிவின்படி கெடு குறித்திருப்பார்கள். கெடு தாண்டினாலோ, மனு போட்டுவிட்டு விசாரணை நாளில் ஆஜராகாமல் போனாலோ, 43ஆம் பிரிவின்படி திவால் உத்தரவே ரத்தாகிவிடும். அதற்குள் ரிசீவர் (உங்கள் சொத்தைக் கடன்காரர்களுக்காகக் கையில் எடுக்கும் நீதிமன்ற அலுவலர்) விற்ற சொத்து விற்றதுதான், திரும்பாது. கடன்காரர்களோ மறுபடி வழக்கும் நிறைவேற்று மனுவுமாக வருவார்கள். சொத்தும் போய், கடனும் நிற்கும். கெடுவுக்குள் முடியாதென்றால், அது முடியும் முன்பே தக்க காரணத்தோடு கால நீட்டிப்பு மனு போடச் சொல்லுங்கள்.

விசாரணையில் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது அஃபிஷியல் ரிசீவரின் அறிக்கையை. 42ஆம் பிரிவு சொல்லும் குறைகளில் ஒன்று நிரூபணமானாலும் முழு டிஸ்சார்ஜ் கிடைக்காது. அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கும் சொத்து இல்லை, அதற்கு உங்கள் பொறுப்பு இல்லையென்றும் காட்ட முடியவில்லை என்பது ஒன்று. தாக்கலுக்கு முந்தைய 3 மாதத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு மைத்துனர் கடனை மட்டும் தீர்த்தது போன்ற சலுகை இன்னொன்று. தேறமாட்டோம் என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தைத் தொடர்ந்ததும் குறைதான்.

பலர் இடறுவது கணக்கில்தான். தாக்கலுக்கு முந்தைய 3 ஆண்டுக் கணக்கு வேண்டும்: பேரேடு, சிட்டை, ஐந்தொகை, ஆலை பில், பேங்க் ஸ்டேட்மென்ட். பேரேட்டில் நூறு மூட்டை நெல் வரவு இருக்கிறது. அது யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்ற பதிவு இல்லை என்று வையுங்கள். சொத்து எப்படிக் கரைந்தது என்பதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்று ரிசீவர் எழுதிவிடுவார். பதிவு விடுபட்டிருந்தால் இப்போது உட்கார்ந்து புது மையில் எழுதாதீர்கள். பொய்க் கணக்கு சிறைக்குப் போகிற குற்றம். லாரி வாடகைச் சீட்டு, வாங்கியவர் கொடுத்த ரசீது எது கிடைத்தாலும் அப்படியே ரிசீவரிடம் கொடுங்கள். குறை இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. டிஸ்சார்ஜைச் சில காலம் தள்ளிவைத்தோ, வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியோ தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

வாசகர், கானாடுகாத்தான்: டிஸ்சார்ஜ் இன்னும் ஆகவில்லை. சென்ற மாதம் அப்பா காலமானார். வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிவிடு, வீடு தப்பிக்கும் என்கிறார்கள் தம்பிகள். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள் ஐயா. வீடு பாட்டனார் வழிப் பூர்வீகம் என்றால், அதில் உங்கள் பங்கு திவால் உத்தரவன்றே ரிசீவர் கைக்குப் போயிருக்கும். அப்பா தானே சம்பாதித்த சுயார்ஜிதம் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன் உங்களுக்கு வந்து சேர்வதால் 28(4) பிரிவின்படி அதுவும் ரிசீவருக்கே. இரண்டிலும் நீங்கள் எழுதும் பத்திரம் நிற்காது. சொத்தை மறைத்தார் என்ற பழிதான் மிஞ்சும். இறப்புச் சான்றும் மூலப்பத்திர நகலும் வைத்து, ரிசீவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பங்காளிகள் சேர்ந்து புழங்கும் வளவு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்க யோசிப்பார்; ரிசீவரிடம் நியாயமான விலை கொடுத்துத் தம்பிகளே வாங்குவதுதான் வீட்டைக் காக்கும் நேர்வழி. அப்பா தன் சுயார்ஜிதத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு உயில் எழுதியிருந்தால் அது உங்களுக்கு வந்த சொத்தே அல்ல.

உங்கள் மனைவியின் கழுத்திருவும் (நகரத்தார் திருமணத் தாலி நகை) சீர்ச் சாமானும் அவருடைய சொத்து. யாராவது கேள்வி எழுப்பினால், கல்யாணத்தின்போது எழுதிய சீர்ப் பட்டியலைக் காட்டுங்கள்.

வாசகி, ஆத்தங்குடி: கணவருக்கு டிஸ்சார்ஜ் ஆனபின் எந்தக் கடன் நிற்கும்? என் அண்ணன் ஜாமீன் போட்டிருக்கிறார்.

பதில்: அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மோசடியால் வந்த கடன், கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் ஆகியவை நிற்கும். அண்ணனின் ஜாமீன் பொறுப்பும் போகாது. அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வீட்டையோ நகையையோ ஈடு வைத்திருந்தால் அந்த ஈட்டின்மேல் பேங்குக்குள்ள உரிமையும் அப்படியே இருக்கும்.

வாசகர், காரைக்குடி: டிஸ்சார்ஜ் ஆகும்வரை கடையில் கடன் சொல்லலாமா? வார்டு தேர்தலில் நிற்க முடியுமா?

பதில்: தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 72ஆம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை உண்டு. 1920இல் வைத்த தொகை அது. மளிகைக் கடையானாலும் முதலில் சொல்லிவிடுங்கள். தேர்தலில் இப்போது நிற்க முடியாது. டிஸ்சார்ஜ் மட்டும் வாங்கினாலும் 73ஆம் பிரிவுத் தடை போகாது. தவறான நடத்தையால் அல்ல, துரதிர்ஷ்டத்தால்தான் நொடித்தார் என்ற சான்றும் சேர்ந்து வரவேண்டும். டிஸ்சார்ஜ் மனுவிலேயே அதையும் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.