பிறந்த தேதியில்தான் தொடங்க வேண்டுமா?

கேள்வி: தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளைகளுக்காக என் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். பிறந்தது, பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் போய் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, எனக்கே படிக்க அலுப்பாக இருக்கிறது. அண்ணனோடு வந்த சொத்துத் தகராறை எழுதாமல் விட முடியாது, ஆனால் அவர் இன்னும் இருக்கிறார். பழைய கடிதங்கள் எதுவும் கையில் இல்லை, மறைந்த என் மனைவி எழுதிய வரவு செலவு நோட்டுகள் மட்டும் இருக்கின்றன. எப்படித் தொடர்வது?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, ஐந்தாம் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வேறு எங்காவது தொடங்குங்கள். டாம் சாயரை எழுதிய மார்க் ட்வைனே இப்படி நின்று போனவர்தான். 1870களிலிருந்து சுயசரிதையைத் தொடங்குவதும் பாதியில் போடுவதுமாக முப்பது வருடம் ஓடியது. 1904இல் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் இருந்தபோதுதான் வழி பிடிபட்டது. எழுதாமல் வாயால் சொல்லிப் பார்த்தார், காலவரிசையையும் தூக்கிப் போட்டார். இன்றைக்கு மனதில் எது ஓடுகிறதோ அதைப் பேசுவது, சுவை குறைகிறதென்று தெரிந்ததுமே அடுத்ததற்குத் தாவுவது, அவ்வளவுதான் விதி. 1906 ஜனவரியிலிருந்து நியூயார்க் வீட்டில் காலை வேளைகளில், பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்தபடியே அவர் பேசப் பேச, சுருக்கெழுத்து தெரிந்த ஒரு பெண் குறிப்பெடுத்தார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய மூத்த மகள் சூசியின் நோட்டு. 1885இல், 13 வயதில், அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்தவள் அவள். 1896இல் 24 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள், அப்பா அப்போது இங்கிலாந்தில் இருந்தார், தந்திதான் வந்தது. பத்து வருடம் கழித்து அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எழுதிய ஒரு பத்தி, அதைத் தொட்டுத் தன் நினைவு, மறுபடி அவள் பத்தி என்று சொல்லிக்கொண்டே போகிறார், குழந்தையின் எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தவில்லை. அவர் எப்படிப்பட்ட அப்பா என்பது அந்தப் பக்கங்களில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரிவதில்லை.

கடிதங்கள் இல்லையே என்று நீங்கள் வருத்தப்படவே வேண்டாம், வரவு செலவு நோட்டு போதும். ஒரு பக்கத்தைத் திறந்து அந்த மாதம் எதற்காகக் கடன் வாங்கினீர்கள், திடீரென்று அரிசி கூடுதலாக வாங்கியிருந்தால் யார் வந்து தங்கினார்கள் என்று செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். தட்டச்சு செய்வதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, அண்ணன் விஷயம். ட்வைன் யாரையும் புண்படுத்தாத சில அத்தியாயங்களை 1906, 1907இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார், மற்றதைத் தான் இறந்து 100 வருடம் வெளியிடக்கூடாது என்றார். இறந்தது 1910இல், முழுப் பதிப்பின் முதல் தொகுதி 2010இல் வந்தது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், வெட்கப்படும்படியான 1500, 2000 சம்பவங்களை யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூடக் காகிதத்தில் ஏற மறுக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்தவர்களைத் திட்ட மட்டும் அவருக்குத் தடையே இல்லை. ஃபிளாரன்ஸ் வீட்டுச் சொந்தக்காரப் பெண்மணியை அப்படி வறுத்தெடுக்கிறார்! என்னைக் கேட்டால் அந்தப் பக்கங்களில்தான் புத்தகம் தொய்கிறது.

அதனால் தகராறைத் தனி நோட்டில் ஒரே ஒரு முறை, நடந்ததை நடந்தபடி, உங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்து எழுதி மூடி வையுங்கள். அதை அண்ணன் காலத்தில் யாரும் படிக்க வேண்டியதில்லை. அப்புறம், தகராறுக்கு முன்னால் ஒரே வீட்டில் வளர்ந்த அந்த அண்ணனைப் பற்றியும் தாராளமாகப் பேசுங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் முடிந்தால் இப்போதே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.