மச்சானின் ஸ்பீட் போட்டுக்குப் புது ட்ரிம் டேப் தேவையா?

எஞ்சின், படகு, பட்டறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு சிஎன்சி பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் மச்சான் துபாயில் ஒரு முதலாளியின் ஸ்பீட் போட்டை ஓட்டிப் பராமரிக்கிறார். 32 அடி நீளம், ஆழமான வி வடிவ அடிப்பாகம், இரண்டு வி8 பெட்ரோல் எஞ்சின், ஸ்டெர்ன்டிரைவ். முழு வேகம் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) அளவுக்கு வருகிறது. நடு வேகத்தில் மூக்கு மேலும் கீழுமாகக் குதிக்கிறது, முழு வேகத்தில் போட் இடமும் வலமுமாக ஆடுகிறது என்கிறார். இப்போது இருப்பது பழைய ஹைட்ராலிக் ட்ரிம் டேப். அங்கே ஒரு கடையில், பெரிய சைஸ் பெர்ஃபார்மன்ஸ் டேப் போட்டால் இரண்டுமே சரியாகிவிடும் என்கிறார்கள். பல ஆயிரம் திர்ஹாம் ஆகுமாம். மாற்றலாமா? அந்தத் தகட்டை 304 ஸ்டெயின்லெஸ்ஸில் நானே இங்கே செய்து அனுப்பினால் என்ன?
— ஓசூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மருந்து என்று கடைக்காரர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. படகின் பின்சுவரில், அடியோரமாக, இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக, கதவுக்கு வைப்பது போலக் கீல் வைத்துப் பொருத்திய தகடுகள்தான் ட்ரிம் டேப். தகட்டைக் கீழே இறக்கினால் ஓடிவரும் தண்ணீர் அதில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும், அந்த அழுத்தம் படகின் பின்பக்கத்தைத் தூக்கும், பின்பக்கம் தூக்கினால் மூக்கு தாழும். ஒரு பக்கத் தகட்டை மட்டும் இறக்கினால் அந்தப் பக்கம் மட்டும் எழும்பும். அதற்கு மேல் அதற்கு வேறு வேலை கிடையாது.

முதலில் குதிப்பது. எடை எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே தாங்குகிறது என்ற கணக்கு ஒத்துப்போகாதபோது மூக்கு எழும்பும், தாங்க முடியாமல் விழும், மறுபடி எழும்பும். பெரும்பாலும் டிரைவை, அதாவது பின்சுவருக்கு வெளியே ப்ரொப்பல்லரைத் தாங்கும் காலை, அளவுக்கு மேல் வெளியே தள்ளி வைத்து ஓட்டுவதால் வருவது. மச்சானை அந்த நடு வேகத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள். டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கட்டும், அப்போதும் நிற்கவில்லை என்றால் இரண்டு டேபையும் சமமாகத் துளித் துளியாக இறக்கட்டும். நின்றுவிட்டால் இப்போதிருக்கும் டேபே போதும் என்று அர்த்தம். நிறுத்துவதற்கு டேபை ரொம்பவும் இறக்க வேண்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். முதலாளி பின்பக்கமாகக் கூடுதல் பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ஐஸ்பெட்டி என்று ஏதாவது ஏற்றியிருக்கிறாரா? போட்டை டிரெய்லரில் ஏற்றி, அடிப்பாகத்தின் கடைசி ஐந்தடியில் நேர் விளிம்புள்ள நீளச் சட்டம் (ஸ்ட்ரெய்ட் எட்ஜ்) ஒன்றை வைத்துப் பார்த்தீர்களா? அந்த இடம் முன்னும் பின்னுமாக நேர்க்கோடாக இருக்க வேண்டும், வெளியே புடைத்திருந்தால் படகு குதிக்கத்தான் செய்யும், புது டேப் அதை மூடி மறைக்கும், குணப்படுத்தாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வெளிச்சம் பார்ப்பது உங்களுக்குத் தினசரி வேலை, மச்சானுக்கு வீடியோ காலில் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

ஆடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆழமான வி அடிப்பாகம் கொண்ட படகு கடலில் புகழ் பெற்றது 1960-இல், ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு மயாமி–நாசோ படகுப் பந்தயத்தை முரட்டு அலையில் வென்றபோது. அலையை வெட்டிக்கொண்டு போவதில் அந்த வடிவத்துக்கு நிகர் இல்லை. ஆனால் முழு வேகத்தில் படகு ஏறக்குறைய முழுவதுமாகத் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், பின்பக்கத்தில் வி-யின் நடுமுனையை ஒட்டிய சின்ன இடம் மட்டும்தான் நனைந்திருக்கும், அந்த முனையின் மேல் நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து ஆடத் தொடங்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருப்பி அடக்கப் பார்ப்பார், அந்தத் திருத்தம் ஒரு கணம் தாமதமாகப் போய்ச் சேரும், ஆட்டம் இன்னும் கூடும்.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? ஸ்டீயரிங் லூஸிலிருந்து. எஞ்சினை நிறுத்திவிட்டு, போட் டிரெய்லரில் இருக்கும்போது, டிரைவின் அடியில் துருத்தி நிற்கும் தகட்டை (ஸ்கெக்) கையால் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவ் திரும்பும் மூட்டிலுள்ள கிம்பல் புஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்டீயரிங் பின் தேய்ந்திருக்கலாம், இரண்டு டிரைவையும் இணைக்கும் டை-பாரின் மூட்டு ஆடலாம், ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். இந்த லூஸை வைத்துக்கொண்டு 60 நாட் போவது ஆபத்து. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல், தண்ணீர் மேல், பிரேக் இல்லாத வண்டி என்பதை மச்சானுக்கு நினைவுபடுத்துங்கள். ஆட்டம் தொடங்கினால் த்ராட்டிலைச் சட்டென்று இழுக்கக் கூடாது, மூக்கு பொத்தென்று விழுந்து படகு ஒரு பக்கம் பிடித்து இழுத்துவிடும். மெதுவாகக் குறைத்து, டிரைவைச் சற்று உள்ளே கொண்டுவர வேண்டும்.

ப்ரொப்பல்லர்களையும் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே பிட்ச்தானா (இதழின் முறுக்கு அளவு), ஒன்றின் இதழ் வளைந்திருக்கிறதா? மூன்று இதழ் போட்டிருந்தால் யாரிடமாவது நான்கு இதழ் ஜோடி ஒன்றை இரவல் வாங்கி ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம். நான்கு இதழ் பொதுவாகப் பின்பக்கத்தைக் கூடுதலாகத் தாங்கும், குதிப்பதும் ஆடுவதும் குறைய வாய்ப்பு உண்டு. பிடிக்கவில்லை என்றால் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். டேப் அப்படி இல்லை, பின்சுவரில் துளை போட்டால் போட்டதுதான்.

சரி, இதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, ஸ்டீயரிங் இறுக்கம், ப்ரொப்பல்லர் ஒழுங்கு, எடையும் சரி. அதற்கப்புறமும் குறை இருந்தால் டேபைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் தகட்டின் மேல் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 30 நாட்டில் இருக்கும் அழுத்தம் 60 நாட்டில் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மெதுவாகப் போகும் குடும்பப் படகுக்கென்று செய்த மெல்லிய அகலத் தகடு அந்த அழுத்தத்தில் வளையலாம், சிலிண்டர் தாக்குப்பிடிக்காமல் தகடு தானாக மேலே போகலாம். கண்டுபிடிப்பது சுலபம்: பின்னால் நீச்சல் மேடையில் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமராவைத் தகட்டைப் பார்த்தபடி பொருத்தி, டேபைப் பாதி இறக்கி வைத்து, 25 நாட்டிலிருந்து படிப்படியாக வேகம் கூட்டி ஓட்டி, கரைக்கு வந்து வீடியோவை நிதானமாகப் பார்க்க வேண்டும். தகடு வளைகிறதா, நின்ற இடத்திலிருந்து நகர்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பின்தங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் மாற்றுவது நியாயமான செலவு, நானே மாற்றச் சொல்வேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. டேபை முழுக்க மேலே தூக்கிவிட்டு, அடிப்பாகத்தோடு ஒட்டி ஸ்ட்ரெய்ட் எட்ஜைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். தகட்டின் கடைசி விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்கினால், சுவிட்ச் 'மேலே' என்று காட்டினாலும் அது எப்போதும் தண்ணீரை இழுத்துக்கொண்டு மூக்கை அமுக்கிக்கொண்டே இருக்கும். பொருத்திய கோணத்தைத் திருத்தினாலே போதும், பைசா செலவில்லை.

மாற்றுவதென்று முடிவானால், 'பெரிய சைஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டாம். வேகப் படகுக்கான டேப் குறுகலாகவும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், வேகத்திலேயே அழுத்தம் ஏராளமாகக் கிடைப்பதால் அகலம் தேவையில்லை. அகலமான தகட்டை 60 நாட்டில் தெரியாமல் ஒரு விரல் அளவு இறக்கினால்கூட மூக்கு தண்ணீரைக் கடித்துப் படகு திசை மாறிவிடும். இந்த வகையில் பேர் பெற்றது கே-ப்ளேன். மெர்க்குரி எஞ்சினை உருவாக்கிய கார்ல் கீக்காஃபர் பிறகு தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது, இப்போது மெர்க்குரி ரேசிங்கின் பெயரில் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்றாலும் சைஸை அந்தப் படகைக் கட்டியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். டேப் எந்த நிலையில் இருக்கிறது என்று டாஷ்போர்டில் காட்டும் இண்டிகேட்டர் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் இந்த வேகத்தில் டேபைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான். பின்சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பழைய படகுகளில் ஃபைபருக்குள் ப்ளைவுட் வைத்திருப்பார்கள், தண்ணீர் புகுந்து ஊறியிருந்தால் 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் மந்தமாகக் கேட்கும். ஊறிய பின்சுவரில் கனமான டேபை மாட்டவே கூடாது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஓசூரில் செய்து அனுப்புவது. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, நம்ம ஊர்ப் பட்டறைகளின் கைத்திறன் மீது எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தகட்டைச் செய்ய வேண்டாம். முதல் காரணம் உலோகம். 304 கடலுக்கு ஆகாது, உப்பில் ஊசிக்குத்து மாதிரிப் பள்ளம் விழும், அதுவும் வளைகுடாத் தண்ணீர் உப்பும் அதிகம், வெயில் காலத்தில் சூடும் அதிகம். குறைந்தது 316எல் வேண்டும், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால்தான் உப்பைத் தாங்குகிறது. அதைவிடப் பெரிய காரணம், தகட்டை மட்டும் தடிமனாக்கிவிட்டால் பாரம் அப்படியே கீலுக்கும் சிலிண்டர் பின்னுக்கும் போகும், அவை பழைய தகட்டுக்காகக் கணக்குப் போட்டவை. முழு வேகத்தில் ஒரு பக்கக் கீல் விட்டுப்போனால் படகு அந்தக் கணமே சுழலும், உள்ளே இருப்பவர் வெளியே பறப்பார். உங்கள் மச்சான் உட்காரும் படகு அது.

உங்கள் கை பட வேண்டும் என்றால், பின்சுவரின் உட்பக்கம் போல்ட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் ப்ளேட்களைச் செய்து அனுப்புங்கள். 316எல், ஓரங்களை உருட்டி, துளைகளைப் புது டேபின் வரைபடத்துக்குச் சரியாகப் போட்டு, கடைசியில் பாசிவேஷன் (துருவைத் தடுக்க ஆசிடில் கழுவுவது) செய்து அனுப்பினால், கடையில் கிடைக்கும் வாஷரைவிட எவ்வளவோ மேல். வெல்டிங் ஏதாவது இருந்தால் டிக் வெல்டிங், 316எல் ஃபில்லர் கம்பி, அப்புறம் கறுப்பை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுத்துவிட வேண்டும்.

எதை மாட்டினாலும் ஓட்டும் பழக்கம் ஒன்றுதான். வளைகுடாவின் வடமேற்குக் காற்றான ஷமால் அடித்துக் குட்டை அலை எதிரே வரும்போது டேபைக் கொஞ்சம் இறக்கினால் மூக்கு அலையை வெட்டும், உடம்பு குலுங்காது. அலை பின்னாலிருந்து தள்ளும்போதும், வேகமாகத் திரும்புவதற்கு முன்பும் டேப் முழுக்க மேலே இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட், கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) இரண்டும் உடம்பில் இருக்க வேண்டும், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

கேள்வி: கொச்சியில் போட் ஓட்டும் என் சித்தப்பா மகன், வலதுபக்க டேப் பட்டனை அழுத்தினால் இடதுபக்கத் தகடு இறங்குகிறது என்கிறான். வயரிங் மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
— கிருஷ்ணகிரி வாசகி

பதில்: பெரும்பாலும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். பல கம்பெனிகளின் சுவிட்ச், தகட்டைக் குறிப்பதில்லை, மூக்கு எந்தப் பக்கம் தாழ வேண்டும் என்பதைக் குறிக்கிறது. இடது தகடு இறங்கினால் இடதுபக்கம் எழும்பும், வலதுபக்க மூக்கு தாழும். வலது பட்டன் வலதுபக்க மூக்கைத் தாழ்த்துகிறதா என்று மட்டும் மிதமான வேகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்த்தினால் வயரைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலில் ஒரு பக்கம் ஆள் கூடினால் சாய்கிறது. இந்த ட்ரிம் டேப் மாதிரி ஏதாவது பொருத்தினால் நிமிர்த்த முடியாதா?
— பென்னாகரம் கல்லூரி மாணவர்

பதில்: முடியாது. டேப் வேலை செய்ய வேகம் வேண்டும், படகு தண்ணீரைக் கிழித்து மேலே எழும்பும் அளவுக்கு. துடுப்பு போடும் வேகத்தில் அந்தத் தகட்டில் ஒரு பாரமும் விழாது. மேலே சொன்ன 32 அடி போட்டுக்கும் கரையில் கட்டி நிற்கும்போது இதே கதைதான், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஆளையோ சாமானையோதான் நகர்த்த வேண்டும். பரிசல் வட்டமானது, அதற்கு முன் எது பின் எது என்றே கிடையாது, எடையைச் சுற்றிலும் சமமாக வைப்பது ஒன்றே வழி. பரிசல்காரர் எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கே உட்காருங்கள், அருவியைப் படம் எடுக்க நடுவழியில் எழுந்து நிற்காதீர்கள், லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கரையிலேயே பூட்டிக்கொள்ளுங்கள்.