சோஃபியாவில் பணம் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

டாலஸில் இருக்கிறேன், வயது 36. சேலத்தில் பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமோ முடித்தவன். கிரீன் கார்டு வந்துவிட்டது. ஹெல்ப்டெஸ்க் வேலை, டிகிரி இல்லாததால் மேலே நகர முடியவில்லை. சோஃபியா, ஸ்டடி டாட் காம் தளங்களில் மலிவாகக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பு) சேர்த்து, டபிள்யூஜியூ என்ற ஆன்லைன் பல்கலைக்கழகத்துக்கு (வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி) மாற்றினால் ஆறே மாதத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர். சோஃபியாவில் இன்றே சேரலாமா? இப்படி வாங்கும் பட்டத்தை யாராவது மதிப்பார்களா?

க., டாலஸ்

அன்புள்ள க.,

இன்றே சேர வேண்டாம். நண்பர் சொன்ன வழி நல்ல வழிதான், வரிசைதான் தப்பு. சோஃபியா கல்லூரி இல்லை. அதன் பாடங்களைப் பார்த்துவிட்டு அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு 'இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்' என்று பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். தருவதும் மறுப்பதும் பட்டம் கொடுக்கிற கல்லூரியின் இஷ்டம். ஒரே பாடத்தை ஒரு கல்லூரி அப்படியே எடுத்துக்கொள்ளும், இன்னொன்று ஏதோ விருப்பப் பாடமாகக் கணக்கு வைக்கும், மூன்றாவது கண்டுகொள்ளவே செய்யாது. அதனால் முதலில் கல்லூரியையும் பட்டத்தையும் முடிவுசெய்யுங்கள், அப்புறம்தான் கிரெடிட். டபிள்யூஜியூவில் எந்த வெளிப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். அங்கே வகுப்பு தொடங்கிய பிறகு வெளிக் கிரெடிட்டைக் கொண்டுபோக முடியாது, எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எவ்வளவு கொண்டுபோனாலும் கால் பங்காவது அங்கேயே படித்தாக வேண்டும்.

உங்கள் டிப்ளமோவைப் பற்றி ஒரு கேள்விகூட நீங்கள் கேட்கவில்லையே! அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு அமெரிக்காவில் எதற்கு ஈடு என்று மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் மாதிரி நிறுவனத்தில் பாடவாரியாக மதிப்பிடச் சொல்லுங்கள், மொத்தமாக ஒரு வரியில் சொல்லும் மலிவான அறிக்கை கிரெடிட்டுக்கு உதவாது. பத்தாவதுக்குப் பிறகு படித்த டிப்ளமோ என்பதால் பாதியைப் பள்ளிப் படிப்பு என்று தள்ளிவிடவும் கூடும், ஆனாலும் கணக்கிலோ புரோகிராமிங்கிலோ நாலு பாடம் தேறினால் அத்தனையும் லாபம். ஊரிலிருந்து மதிப்பெண் பட்டியல் முறைப்படி வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதை இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

செலவைப் பார்ப்போம். சோஃபியா மாதம் 100 டாலர் அளவில், ஒரு நேரத்தில் இரண்டு பாடம். வேகமாகப் படிக்கிறவர் மூன்று மாதத்தில் பொதுப் பாடங்களில் பெரும்பகுதியை முடித்துவிடுவார். வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதியே கிரெடிட் வாங்கும் கிளெப் தேர்வு ஒவ்வொன்றும் 100 டாலருக்குள், அதையும் மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் தளத்தில் இலவசப் பாடம் முடித்தவர்களுக்கு அவர்களே கட்டிவிடுகிறார்கள். டபிள்யூஜியூவில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், 4,000 டாலருக்குச் சற்று மேலே, அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். ஆறு மாதத்தில் முடித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே புரோகிராமராக வேலை பார்த்தவர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கப்போகிற நீங்கள் இரண்டு அல்லது மூன்று ஆறு மாதப் பருவத்துக்குப் பணத்தைத் திட்டமிடுங்கள். கிரீன் கார்டு இருப்பதால் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், சோஃபியாவுக்கு அது செல்லாது.

மதிப்பு? டபிள்யூஜியூவின் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கு அபெட் என்ற, தொழில்நுட்பப் படிப்புகளைத் தரம் பார்க்கும் அமைப்பின் அங்கீகாரமே இருக்கிறது. சான்றிதழில் சோஃபியா பெயர் வராது. ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் எம்.எஸ். படிப்பில் டபிள்யூஜியூ பட்டதாரிகள் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு குறை, மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்றாலே 4-க்கு 3.0 என்றுதான் கணக்கு. அதற்கு மேல் கேட்கும் முதுகலைப் படிப்பு மனதில் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். ஆங்கிலம், வரலாறு, உளவியல் எல்லாவற்றையும் மலிவாகத் தாண்டிவிடுங்கள், பாவமில்லை. டிஸ்கிரீட் கணக்கு, டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த மூன்றையும் குறுக்குவழி கிடைத்தாலும் உட்கார்ந்து படியுங்கள். நேர்காணலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஆன்லைன் ஒத்துவராது என்று தோன்றினால், டெக்சஸில் கம்யூனிட்டி கல்லூரியில் (உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டாண்டுக் கல்லூரி) 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுப்பை முடித்தால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை மொத்தமாக ஏற்றாக வேண்டும். நாள் பிடிக்கும், ஆனால் கிரெடிட் வீணாகுமோ என்ற பயம் அதில் ரொம்பக் குறைவு.