மாத்திரை வேண்டாம், டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் முதியோர்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (அல்சூர், மகள்): அப்பாவுக்கு 78 வயது. சுகர் மாத்திரையைத் துப்பிவிடுகிறார். பொடித்து இட்லியில் கலந்து கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாதும்மா. அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கும். சுகரை வேகமாக இறக்கும் கிளிமிபிரைடு என்ற மருந்து கலந்ததாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்: மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் கோபத்தில் பாதித் தட்டோடு எழுந்துவிட்டால் சுகர் தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் துப்புகிறார் என்று கேட்டீர்களா? அவருடையது மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் என்றால் அது பெரிய மாத்திரை, தொண்டையில் நிற்கும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதில் 500 மில்லிகிராம் மாத்திரையாக எழுதிச் சாப்பாட்டோடு தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இட்லியில் ஒருமுறை கசப்பு தட்டிவிட்டால் அப்புறம் உங்கள் கையால் சோறே வாங்க மாட்டார்.

கேள்வி (கே.ஆர்.புரம், மகன்): அம்மா இரண்டு நாளாகக் கண்டபடி திட்டுகிறார். ராத்திரியில் அறையில் ஆள் நிற்கிறது என்கிறார். தொடவே விடவில்லை. வயதான பிடிவாதமா?

பதில்: இல்லை. இரண்டே நாளில் ஆள் மாறினால் உடம்பில் ஏதோ கோளாறு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை, இவைதான் வழக்கமான காரணங்கள். இந்த வயதில் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடியிருந்தால் கதை வேறு. அதற்கு நம்ம ஊர் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் முதியோருக்கான மனநலப் பிரிவு இருக்கிறது.

கேள்வி (ஜெயநகர், மருமகள்): மாமியார் இரண்டு ஹோம் நர்ஸைத் துரத்திவிட்டார்.

பதில்: அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியுமா? கன்னடமோ மலையாளமோ மட்டும் பேசுகிறவர் திடீரென்று பாத்ரூமுக்குள் வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? தமிழ் பேசுகிறவரைக் கேளுங்கள். 12 மணி நேர ஷிஃப்டில் ஆரம்பிக்காமல் இரண்டு மணி நேரம் வரட்டும். முதல் வாரம் கீரை ஆயட்டும், கூட உட்கார்ந்து சீரியல் பார்க்கட்டும். குளிப்பாட்டுவது அப்புறம். அதற்குள் பாத்ரூமில் கைப்பிடி போட்டுவிடுங்கள். டவல் கம்பி உடம்புப் பாரத்தைத் தாங்காது, ரப்பர் கப் வைத்து ஒட்டுவது ஈரத்தில் கழன்றுவிடும். டைல்ஸைத் துளைத்துச் செங்கல் சுவர்வரை ஸ்க்ரூ இறங்க வேண்டும்.

கேள்வி (சிவாஜிநகர், பேரன்): தாத்தாவுக்கு 84. குடலில் கேன்சர். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்கிறார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: என்ன நோய், ஆபரேஷன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறாரா? சொன்னால் முடிவு அவருடையது, மயக்கிக் கூட்டிப்போவதெல்லாம் வேண்டாம். வலிக்கு என்ன செய்யலாம், குடல் அடைத்துக்கொண்டால் என்ன செய்யலாம் என்று மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். கத்தி வேண்டாம் என்றவர் வலி மருந்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லையே.