கேள்வி-பதில்: பழைய சொகுசு கார், பின்பக்கச் சத்தம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ கார்களின் பின் சஸ்பென்ஷன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அப்பா காலத்தில் வாங்கிய வண்டிகள் இப்போது பிள்ளைகள் கைக்கு வந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், பெங்களூரிலும் சென்னையிலும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வருகிறவர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அப்பா வாங்கிய 1996 மாடல் பென்ஸ் இ 220. பின்பக்கம் 'தட் தட்' என்று சத்தம். இரண்டு வருஷத்தில் இரண்டு முறை புஷ் எல்லாம் மாற்றிவிட்டேன், பில் இருக்கிறது. நாலைந்து மாதத்தில் திரும்பவும் அதே சத்தம். பாகம் டூப்ளிகேட்டா?
– வாசகர், ஆம்பூர்

பாகத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். மாட்டிய விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து ஆர்ம்கள், அதாவது உலோகக் கைகள், பிடித்திருக்கின்றன. அந்த ஆர்ம்களின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கிறது. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முடுக்கும்போது உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான்.

இப்போது கவனியுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றினால் சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழு டைட் வைத்துவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நிமிஷமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதும் முறுக்கியே நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுக்கும். நல்ல கம்பெனி புஷ் கூட சில மாதத்தில் கிழிந்துபோகும். சரியான முறை இதுதான்: போல்ட்டைக் கையால் பூட்டிவைத்து, சக்கரம் தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகு, அல்லது ஜாக்கியால் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) அந்த உயரத்துக்குத் தூக்கிய பிறகு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி டைட் கொடுக்க வேண்டும். வேலை கொடுக்கும் முன்பே "கடைசி டைட் எப்போது வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் ஷெட்டில் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. கியரை டி-யிலிருந்து ஆர்-க்குப் போடும்போதும் 'தட்' வந்தால், ஆர்ம் புஷ்ஷை விட்டுவிட்டு சப்ஃப்ரேமைப் பாருங்கள். பின்பக்கம் மொத்தத்தையும் தாங்கும் அந்தச் சட்டத்துக்கு நாலு பெரிய ரப்பர் மவுன்ட் உண்டு, இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனியாகவும் உண்டு. முப்பது வருஷ வண்டியில் அவை பெரும்பாலும் முதல் நாள் போட்டவையாகவே இருக்கும். ஆர்ம்களை மட்டும் புதுசாக்கிவிட்டு இவற்றை விட்டால் சத்தம் போகாது.

பில் இருப்பதால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அதே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், செலவில்லாமல் சரிசெய்யச் சொல்லுங்கள். மறுத்தால் அது சேவைக் குறைபாடு.

வலைதளத்தில் விளம்பரம் பார்த்து, ஒரு ஆடி காருக்கு முழுப் பணத்தையும் யுபிஐயில் அனுப்பிவிட்டேன். கார் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், பேரணாம்பட்டு

1930. சைபர் குற்ற உதவி எண். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அங்கே பேசியிருக்க வேண்டும். இதைப் படித்ததும் போனை எடுங்கள், அப்படியே வங்கிக்கும் சொல்லுங்கள்.

2004 எஸ்-கிளாஸ். ராத்திரி நன்றாக நிற்கிறது, காலையில் பின்னால் இடது பக்கம் படுத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்கிறது. கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், காட்பாடி

உங்கள் வண்டி ஸ்பிரிங்கில் நிற்பதில்லை, காற்று அடைத்த ரப்பர் பலூன்களில் நிற்கிறது. அவற்றுக்குக் காற்று அடிப்பதுதான் கம்ப்ரசர். அது போயிருந்தால் காலையில் வண்டி எழுந்திருக்காது. எழுந்துகொள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே மூலை மட்டும் இறங்குகிறது என்றால் காற்று எங்கோ கசிகிறது. அந்தப் பக்கத்து ஏர் பலூன், அதற்குப் போகும் டியூப், அல்லது காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக், இந்த மூன்றில் ஒன்று. சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்து, வண்டி முழு உயரத்தில் நிற்கும்போது தெளிக்கச் சொல்லுங்கள். பலூனின் அடியில் ரப்பர் மடிந்து உருளும் இடம் ஒன்று இருக்கிறது, முதலில் வெடிப்பது அங்கேதான். அங்கே சின்னச் சின்னக் குமிழ்கள் கொத்தாக வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போகும். கண்ணால் பார்க்கலாம். பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மாற்றினால் புதுசும் ராப்பகலாக ஓடி எரிந்துபோகும். இப்போதே அது அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கிறது, எனவே தள்ளிப்போடாதீர்கள். பின்னால் ஒரு நாள் கம்ப்ரசரை மாற்ற நேர்ந்தால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடும்.

இந்த வண்டிக்குக் கீழே யார் போனாலும் ஸ்டாண்ட் வைக்காமல் போகக் கூடாது. காற்று இறங்கினால் வண்டி மொத்தமாக உட்காரும்.

அதே பலூனைத் தூக்கிவிட்டு சாதா காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமா? பாதிச் செலவுதான் என்கிறார்கள்.
– வாசகர், மேல்விஷாரம்

ஓடும். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சொகுசு போய்விடும். டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், ஆள் ஏறினால் உயரத்தைச் சமன் செய்யாது, விற்கும்போது விலை குறையும். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள்.

பெங்களூரில் பழைய கார் கடையில் 2009 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆறரை லட்சம் கொடுத்து வாங்கினேன். 'சஸ்பென்ஷன் பக்கா, ஒரு வேலையும் இல்லை' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். பத்து நாளில் பள்ளிகொண்டா டோல் தாண்டும்போது பின்பக்கம் ஆடியது. லிஃப்டில் ஏற்றினால் பின் ஆர்ம் எல்லாம் போயிருக்கிறது, மேலே புது கறுப்பு பெயின்ட். கடையில் கேட்டால் 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார்கள். சேமிப்பு மொத்தமும் இதில் போட்டேன்.
– வாசகர், குடியாத்தம்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதே ஏமாற்றில் நானும் விழுந்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒருவரிடம் பழைய இ-கிளாஸ் வாங்கினேன். குனிந்து பார்த்தபோது அடிப்பக்கம் புது தார் ரோடு மாதிரி கறுகறுவென்று இருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நம்பினேன். சத்துவாச்சாரியில் முதல் வாட்டர் வாஷ் விட்டபோது பெயின்ட் உரிந்து வந்தது. உள்ளே இருந்த புஷ்ஷைப் பார்த்தேன். கோடையில் பாலாற்றுக் குட்டை வண்டல் வெடித்துக் கிடக்குமே, அப்படி வெடித்திருந்தது. ஒரு இடத்தில் விரல் நகம் நுழைந்தது. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. விற்றவர் தனிநபர், எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை, அதனால் எதுவும் செய்ய முடியவில்லை.

உங்கள் நிலைமை அப்படி இல்லை. விற்றது கடை, எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடவடிக்கை. இதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கால அவகாசம் 2 வருஷம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ருதியில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். இப்போது எதையும் கழற்ற வேண்டாம். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, எந்த ஆர்ம், எந்தப் பக்கம், என்ன குறை என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கிலோமீட்டர் ரீடிங்கும் அதில் வரட்டும். இந்த மாடலில் ஹப் பக்கத்து பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டு) ஒரு கடப்பாரையால் நெம்பினாலே ஆட்டம் தெரியும், அதை வீடியோ எடுங்கள். பிறகு பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு நோட்டீஸ், பதில் தர 15 நாள். 1915-க்கும் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். கட்டாயம் எழுதுங்கள்.

நாலு லட்சத்துக்கு ஒரு பழைய 7 சீரிஸ் வருகிறது. பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

அதே அளவு பணம் தனியாக வங்கியில் இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். கார் விலை இறங்கும், பாகங்களின் விலை இறங்காது.

பின் சஸ்பென்ஷன் முழுக்க செய்ய எஸ்டிமேட் வாங்கினேன். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார். நியாயமாகத்தானே படுகிறது?
– வாசகர், வாலாஜா

படவில்லை. இதைப் பற்றி இங்கே பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

அந்த 18 சதவீதத்தை விட்டுக்கொடுத்து அவர் உங்களிடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறார் தெரியுமா? நீங்கள் அந்தக் கடைக்கு வந்ததற்கான சாட்சியத்தை. புஷ் கிழிந்தால், ஷாக் அப்சார்பர் ஒழுகினால், 'எங்கள் கடையில் போட்டதா?' என்று கேட்பார். நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? பில் தராமலிருப்பதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடவடிக்கை, 2019 சட்டத்தின் 2(47) பிரிவில் இருக்கிறது. பில் உங்கள் உரிமை. அதைத் தள்ளுபடி மாதிரி பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுப்பதில்லை. வரிச்சுமை என்றும் சொல்ல முடியாது. கார் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.

பில்லும் வெறுமனே 'சஸ்பென்ஷன் ஒர்க், 85,000' என்று ஒற்றை வரியாக இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, பார்ட் நம்பரோடு, கம்பெனி பெயரோடு, இடதா வலதா என்று வர வேண்டும். லேபர் தனியாக வர வேண்டும். 'ஓஇ' (கார் கம்பெனிக்கே போகும் அசல் தரப் பாகம்) என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள், பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கார் கம்பெனிக்கே ஆர்ம் செய்து கொடுக்கும் லெம்ஃபர்டர் போன்றவர்கள் அதையே தங்கள் பெட்டியில் விற்கும்போது, கார் கம்பெனி முத்திரை இருந்த இடத்தைத் தேய்த்து அனுப்புவதுண்டு. அந்தத் தேய்ப்பைப் பார்த்து டூப்ளிகேட் என்று சண்டை போட்டவர்களும் இருக்கிறார்கள், அது தேவையில்லை. பெட்டி, பார்ட் நம்பர், பில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் கணக்கு.

கழற்றிய பழைய பாகங்கள் உங்களுடையவை. வேலை கொடுக்கும்போதே 'பழசு எனக்கு வேண்டும்' என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஷாக் மாற்றியதாகச் சொல்லி, பழையதைத் துடைத்துப் பெயின்ட் அடித்து மாட்டிய ஒரு கடைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். அன்று பழசைக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பில்லும் வாங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சென்னையில் வாங்கிய ஏர் பலூன், மாட்டிய அன்றே கசிகிறது. 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

அந்த வரி செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே 2(47) பிரிவில்தான் வருகிறது. நாட்களை எண்ணிக்கொண்டு உடனே எழுத்தில் கேளுங்கள். கசிவதை வீடியோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பின்னால் ஒரு ஷாக் மட்டும் ஒழுகுகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகி, பாகாயம்

போதாது. இரண்டையும் மாற்றுங்கள் அம்மா. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நீங்கள் போன முறை சொன்னபடி பழைய பாகங்களைக் கேட்டு வாங்கினேன். பில்லில் எட்டு ஆர்ம், கையில் கொடுத்தது ஏழு. கேட்டதும் திரும்பவும் லிஃப்டில் ஏற்றினார்கள், வலது பக்கம் ஒன்று பழசே இருந்தது. மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்கள். நன்றி.
– வாசகி, ஆற்காடு

எண்ணிப் பார்த்தீர்களே, மனசு நிறைந்தது. மன்னிப்புக் கேட்ட கடையை விட்டுவிடாதீர்கள், தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்பவர்கள் குறைவு. ஆனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அந்த எட்டாவது ஆர்மை மாற்றிய பிறகு நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் திரும்பப் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள், முன், பின் அளவுகள் இரண்டும் உள்ள பிரிண்டை வாங்கி பில்லோடு வையுங்கள். பின் டயரின் உள்விளிம்பில் கையை விட்டுத் தடவியும் பாருங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே கம்பி தெரியும்படி தேய்ந்திருக்கும்.