சாணத்தில் ஈ.கோலை தேடும் படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

மைக்ரோபயாலஜி முடித்த மகள், பண்ணை விலங்குகளில் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை ஆராயப் போவதாகச் சொல்கிறாள். இதற்கு வேலை கிடைக்குமா, அவளுக்கு நோய் தொற்றிவிடாதா என்பதுதானே உங்கள் கவலை?

முதலில் வேலையின் மதிப்பைச் சொல்கிறோம். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதையும் முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு வழியாகப் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவக்கூடியது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் இதை அறிவித்தார்கள். உணவு விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை வழக்கம்போலக் கண்காணித்து வந்தபோது, ஒரு பன்றியின் மாதிரியில் சிக்கியது அது. தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கலப்பதை 2017-இல் சீனா நிறுத்தியது. இப்படி அன்றாடம் அலுக்காமல் மாதிரி பார்ப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை.

அதற்குக் கை பழக வேண்டும். மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் இளஞ்சிவப்பாக வளர்ந்த ஈ.கோலையைத் தனியாகப் பிரித்து, உப்புநீரில் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிர்ணயித்த கலங்கல் அளவுக்குக் கரைத்து, 15 நிமிடத்துக்குள் முல்லர்-ஹிண்டன் அகார் தட்டில் பூச வேண்டும். பிறகு அதன்மேல் மருந்து தோய்ந்த வில்லைகளை வைப்பார்கள்; மருந்துக்கு அடங்கும் பாக்டீரியா வில்லையைச் சுற்றி வளராமல் ஒரு வளையம் விடும். அகார் 4 மி.மீ. தடிமன். தடிமன் கூடினாலோ கலங்கல் அடர்ந்தாலோ வளையம் சுருங்கி, மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாவும் அடங்காததுபோலத் தெரியும். மருந்து வில்லை அகாரைத் தொட்டுவிட்டால் நகர்த்தக் கூடாது. தொட்ட கணமே மருந்து பரவத் தொடங்கிவிடும். கொலிஸ்டினுக்கு இந்த முறையே உதவாது: மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது, சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கவைத்துப் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் திரவ நீர்ப்பு முறையில்தான் சோதிக்க வேண்டும். இது தெரியாமல் வில்லை வைத்து அறிக்கை கொடுக்கும் ஆய்வகங்களும் உண்டு. வருத்தமான விஷயம்.

தொற்று பற்றிய பயம் நியாயமானது. குடல் நோய் தரும் சால்மோனெல்லாவும் அதே மாதிரியில் இருக்கலாம். கையுறை, கோட், மேசையில் சாப்பாடு கூடாது என்ற கட்டுப்பாடு, கழிவை ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்வது ஆகியவற்றை விடாமல் பின்பற்றினால் ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கலாம்.

வேலைவாய்ப்பை மறைக்காமல் சொல்கிறோம். கண்காணிப்பு ஆய்வகம், உணவுப் பரிசோதனை, தடுப்பூசி மற்றும் நோயறி கருவி நிறுவனங்கள், பல்கலைக்கழகத் திட்டங்கள் எனக் கதவுகள் உண்டு. ஆனால் திட்டப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். பணம் முடிந்தால் பணியும் முடியும். விலங்குக்கு மருந்து எழுதும் பொறுப்புக்கு உங்கள் மகளின் பட்டம் போதாது, கால்நடை மருத்துவப் பட்டம் வேண்டும். அதில்லாதவளுக்குக் கைகொடுப்பது புள்ளியியலும் தரவை அலசும் 'ஆர்' நிரலாக்கமும் மரபணுத் தொகுப்பு வாசிப்பும். தட்டு போடவும் தரவை வாசிக்கவும் தெரிந்த ஆட்கள் குறைவு. முதுகலையிலேயே இரண்டையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சோதனை சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஏ.டி.சி.சி. 25922 என்ற கட்டுப்பாட்டு ஈ.கோலையின் பதிவேட்டைக் கேளுங்கள். 30 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் வில்லைக்கு அதன் வளையம் 29 முதல் 35 மி.மீ.க்குள் விழ வேண்டும். விழாத நாளில் அந்த மருந்தின் முடிவுகளை நிறுத்திவைத்து, காரணம் கண்டு, மறுபடி செய்தார்களா என்று பாருங்கள். அந்தப் பதிவேடே இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.